மனநல ஆலோசகரா, உள்ளூர் ரபியா, ரெப்பேயா?

யூதர்களின் வாராந்திர ஓய்வு நாளான சப்பாத்திலும் வேலைக்குப் போகிறவர், யூத உணவு விதியான கோஷர் பார்க்காமல் சாப்பிடுகிறவர், தந்தை இறந்ததும் ஒரு ரபியை, அதாவது யூத மதகுருவைத் தேடுகிறார். 2020இல் பியூ ஆய்வு மையம் எடுத்த கணக்கில், அமெரிக்காவின் வயதுவந்த யூதர்களில் 27 சதவீதத்தினர் தங்களுக்கு மதமில்லை என்றவர்கள். அவர்களிலும் இப்படித் தேடுகிறவர்கள் உண்டு. நியூயார்க்கில் மனநல ஆலோசகர்களுக்குப் பஞ்சமில்லையே, பிறகு ஏன் ரபி?

ஆலோசகரிடம் முறையான பயிற்சி இருக்கிறது; ரகசியம் காக்கும் கடமையும் இருக்கிறது. தூக்கம் கெட்டு, உயிரே பாரமாகிப்போனவர் முதலில் அவரிடம்தான் போக வேண்டும். ஆனால், “இப்போது நான் என்ன செய்ய?” என்ற கேள்வியை அவர் பெரும்பாலும் கேட்டவரிடமே திருப்பிவிடுவார்.

ரபியிடம் பதில் தயாராக இருக்கிறது. ஏழு நாள் வீட்டில் துக்கம் காக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் உணவு கொண்டுவருவார்கள். பெற்றோருக்காகப் பதினொரு மாதம் கதீஷ் என்ற பிரார்த்தனையைச் சொல்ல வேண்டும். சாவைப் பற்றி ஒரு சொல்கூட அந்தக் கதீஷில் இல்லை. இறைவனின் பெயரைப் போற்றுவதுதான் பெரும்பகுதி. கடவுள் நம்பிக்கை இல்லாத மகனும் அதைச் சொல்ல நிற்கிறான், தாத்தாவுக்காக அப்பா நின்றார் என்பதால். மரபுப்படி பத்துப் பேர் கூடினால்தான் அதைச் சொல்லலாம்; ஆகவே துக்கக்காரர் தனியாக முடங்கிக் கிடக்க வழியே இல்லை. எந்த ஆலோசகரின் அறையிலும் அந்தப் பத்துப் பேர் கிடைக்கமாட்டார்கள். என்னைக் கேட்டால், ரபியைத் தேடுவதற்கான காரணத்தில் பாதி இதுதான்.

ரெப்பேயை, அதாவது ஹசிதிக் என்ற யூத பக்தி மரபில் ஒரு பிரிவின் தலைமைக் குருவைத் தேடிப் போவது வேறு வகை. புரூக்ளினில் ஈஸ்டர்ன் பார்க்வே 770ஆம் எண் கட்டடத்தில், லுபாவிச் என்ற பிரிவின் ரெப்பே மெனாகெம் மெண்டல் ஷ்னீர்சன் பல ஆண்டுகள் இரவு நெடுநேரம் ஆட்களைத் தனித்தனியாகச் சந்தித்தார். 1986 முதல் ஞாயிறுதோறும், வரிசையில் வந்த ஒவ்வொருவர் கையிலும் தர்மம் செய்ய ஒரு டாலர் நோட்டைக் கொடுத்தார். 1994இல் அவர் மறைந்த பின்னும், குயின்ஸில் உள்ள அவரது கல்லறையில் வேண்டுதல் சீட்டுகள் குவிகின்றன. இஸ்ரேலின் நெத்திவோத்தில் 1984இல் மறைந்த பாபா சாலி என்ற ரபியின் சமாதிக்கும், மதச் சட்டங்களை முழுமையாகக் கடைப்பிடிக்காத மொராக்கோ வழிக் குடும்பங்கள் திரளாக வருகின்றன. அங்கே தேடுவது ஆசியை, அறிவுரை இரண்டாவதுதான்.

எனக்கு இதில் ஒரு கவலை உண்டு. திருமணம், அறுவைச் சிகிச்சை போன்ற பெரிய முடிவுகளைச் சில நிமிடச் சந்திப்பை நம்பி எடுப்பது சரியில்லை. மருத்துவத்துக்கு மருத்துவரை, தொழிலுக்கு விவரம் தெரிந்த நண்பரை, ஆன்மிகத்துக்கு அருகில் இருக்கும் ஒரு வழிகாட்டியைக் கேளுங்கள் என்று ஷ்னீர்சனே சொல்லியிருக்கிறார். எனவே என் தேர்வு உள்ளூர் ரபி: குடும்பத்தை அறிந்தவர், அடுத்த வாரமும் நம் முகத்தைப் பார்க்க வேண்டியவர். “இது என்னால் ஆகாது, மருத்துவரிடம் போ” என்று சொல்லத் தெரியாத ரபி மட்டும் வேண்டாம்.