கப்பலில் 'கிராஃப்ட் பீர் பேக்கேஜ்' என்று யாராவது விற்றால் உஷார்: 386 டாலர் போன கதை

386 டாலர். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயணத்தில் போட்ட துணிகளை இன்னும் துவைக்கக்கூடப் போடவில்லை, அதற்குள் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இந்த 386 டாலர்தான். கப்பல் பயணத்திலும் நல்ல பீர் தேடி அலைகிற என்னைப் போன்ற ஆட்கள் நிறைய இருக்கிறோம். நம்மைக் குறிவைத்தே ஒரு வியாபாரம் நடக்கிறது. எதில் மாட்டாமல் தப்பிக்கலாம் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைக் கொட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் வயிற்றெரிச்சல் அடங்காது.

பணத்தை வாங்கியது கப்பல் கம்பெனி அல்ல. பல கம்பெனிகளின் கப்பல் பயணங்களை ஒரே இடத்தில் போட்டு விற்கிற ஓர் இணையதளம். வங்கியில் புகார் நிலுவையில் இருப்பதால் பெயரைப் போடவில்லை. கேபின் புக் செய்து முடித்ததும் கூடுதல் வசதிகள் என்று ஒரு பக்கம் திறந்தது. ஸ்பா, படம் எடுத்துத் தருவது, அப்புறம் 'கிராஃப்ட் பீர் பிரியர் பேக்கேஜ்'. (பெரிய கம்பெனி சரக்காக இல்லாமல், சின்ன ப்ரூவரிகள், அதாவது பீர் ஆலைகள், காய்ச்சுவதைத்தான் கிராஃப்ட் என்போம்.) தலைக்கு 193 டாலர். கப்பலிலேயே காய்ச்சும் பீர் தினமும் இத்தனை கிளாஸ், ப்ரூவருடன் ஒரு டேஸ்டிங், ஒரு துறைமுகத்தில் ப்ரூவரி டூர். மேலே ஒரு படம்: பளபளவென்று ஸ்டீல் தொட்டிகள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடல்.

கப்பலில் பீர் காய்ச்சுவது கட்டுக்கதையாக இருந்தால் யாரும் இதை வாங்க மாட்டார்கள். அது உண்மை என்பதால்தான் விளம்பரம் எடுபடுகிறது. ஜெர்மன் கம்பெனியான ஐடா, தன் ஐடாப்ளு கப்பலில் 2010-லேயே ப்ரூவரி வைத்தது. உப்பு நீக்கிய கடல்நீரில்தான் காய்ச்சுகிறார்கள். 2016-ல் வந்த கார்னிவல் விஸ்டாவில் ப்ரூவரி உண்டு, 2018-ல் வந்த கார்னிவல் ஹொரைசனிலும் உண்டு. பிரின்சஸ் கம்பெனி சீவிட்ச் என்ற பெயரில் தனக்கென்றே ஒரு கலிஃபோர்னியா ப்ரூவரியில் பீர் காய்ச்ச வைத்தது. ஆனால் ஒரு கம்பெனியின் எல்லாக் கப்பலிலும் தொட்டி இருக்கும் என்று சொல்ல முடியாது, சிலவற்றில்தான் இருக்கும். மற்றவற்றில் கேனில் வருவதுதான். இந்த இடைவெளியில்தான் அந்த இணையதளம் கல்லா கட்டுகிறது. நான் போனது மேலே சொன்ன எந்தக் கப்பலும் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன், அவர்கள்மேல் பழி போடக் கூடாது.

இந்த விவரமெல்லாம் தெரிந்ததால்தான் பணம் கட்டுவதற்கு முன் சாட்டில் கேட்டேன். "நான் போகிற இந்தக் கப்பலிலேயே ப்ரூவரி இருக்கிறதா, இல்லை அதே கம்பெனியின் வேறு கப்பலிலா?" இதைவிடத் தெளிவாக எப்படிக் கேட்பது? பதில் உடனே வந்தது. "உங்கள் கப்பலிலேயே இருக்கிறது சார்." ஐபிஏ, அதாவது ஹாப்ஸ் பூ தூக்கலாகப் போட்டுக் காய்ச்சும் பீர், உண்டா என்றேன். உண்டு என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது பாருங்கள்: "உங்களுக்கு ஹேஸி பிடிக்குமா சார், வெஸ்ட் கோஸ்ட் பிடிக்குமா?" கசப்பு தூக்கலான வெஸ்ட் கோஸ்ட் ஐபிஏவுக்கும் கலங்கலாக, பழவாசனையோடு வரும் ஹேஸி ஐபிஏவுக்கும் வித்தியாசம் தெரிந்து பேசுகிற கஸ்டமர் கேரை நான் இதுவரை பார்த்ததே இல்லை. வெஸ்ட் கோஸ்ட் என்றேன். "அப்படியென்றால் உங்களுக்கு அங்கே ரொம்பப் பிடிக்கும் சார்." அவ்வளவுதான், முழுசாக நம்பினேன்.

மனைவி பீர் பக்கமே போக மாட்டாள், எனக்கு மட்டும் ஒன்று போதும் என்றும் கேட்டேன். ஒரே கேபினில் இருக்கும் பெரியவர்கள் எல்லோரும் வாங்கியாக வேண்டும், அது கப்பலின் விதி சார் என்றார்கள். அப்படி ஒரு விதி பல கப்பல் கம்பெனிகளின் சொந்த மது பேக்கேஜ்களுக்கு நிஜமாகவே இருக்கிறது. ஒருவர் பெயரில் வாங்கி இருவர் குடிக்கக் கூடாது என்பதற்காக வைத்தது. அந்த விதியைக் கடன் வாங்கித் தங்கள் பேக்கேஜுக்கும் மாட்டிவிட்டார்கள். எலுமிச்சை ஜூஸ் குடிக்கிறவளுக்கும் சேர்த்து 193-ம் 193-ம், 386 டாலர். நிமிஷத்தில் வவுச்சர் மின்னஞ்சலில் வந்து விழுந்தது. பார்கோடு, கப்பல் பெயர், கேபின் நம்பர் எல்லாம் சுத்தமாக இருந்தது.

ஏறிய அன்று சாயங்காலம் பாருக்குப் போனேன். கிராஃப்ட் என்று பலகை இருந்தது. டேப்பில், அதாவது பீர் ஊற்றும் குழாயில், நான்கு கைப்பிடிகள். இரண்டு, எந்த விமான நிலையத்திலும் கிடைக்கிற லைட் லாகர். ஒரு கோதுமை பீர். ஒரு ஸ்டவுட். தொட்டி எங்கே என்று பார்டெண்டரைக் கேட்டேன். "எந்தத் தொட்டி சார்?" என்றார் அவர், நல்ல மனிதர். வவுச்சரைக் காட்டினேன். போனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கி, மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, "இது எங்களுடையது இல்லையே" என்று திருப்பிக் கொடுத்தார். என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டு ஃபிரிட்ஜுக்குள் கைவிட்டு, பின்வரிசையிலிருந்து ஒரு ஐபிஏ கேனை எடுத்து வைத்தார்.

கேனைத் திருப்பி அடியில் பார்த்தேன். அடைத்த தேதி ஏழு மாதத்துக்கு முந்தையது. ஐபிஏவில் முதலில் போவது ஹாப்ஸ் வாசனைதான். குளிரில் வைத்திருந்தாலே மூன்று மாதத்துக்குள் குடித்துவிடுவது நல்லது. வெயிலில் நிற்கிற கன்டெய்னரிலும் கிடங்கிலும் கிடந்தது என்றால் சொல்லவே வேண்டாம். ஊற்றியதும் ஆரஞ்சுத் தோல் மணம் வர வேண்டிய இடத்தில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தது. பில் 9.50 டாலர், அதன்மேல் 18 சதவீதம் சேவைக் கட்டணம், மொத்தம் 11.21. 386 டாலர் கட்டிய பிறகு, அதற்குமேல் 11.21.

டேப்பில் இருந்த வகைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிராஃப்ட் என்ற பலகைக்குக் கீழே பெரிய கம்பெனி சரக்கு ஓடுவது கப்பலில் மட்டும் நடப்பதல்ல. ப்ளூ மூன் என்ற பீர் மோல்சன் கூர்ஸ் கம்பெனியுடையது. கூஸ் ஐலண்ட் ப்ரூவரியை 2011-ல் ஆன்ஹைசர் புஷ் கம்பெனி வாங்கியது. லகுனிடாஸ் ப்ரூவரி 2017 முதல் முழுக்க ஹைனெகன் கையில். அமெரிக்க ப்ரூவர்ஸ் அசோசியேஷன் கணக்கில், வருஷத்துக்கு 60 லட்சம் பேரலுக்கு மேல் காய்ச்சினாலோ, கிராஃப்ட் அல்லாத மதுக் கம்பெனியிடம் 25 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு இருந்தாலோ அது கிராஃப்ட் ப்ரூவர் இல்லை. கூஸ் ஐலண்ட் ஐபிஏவை இன்றைக்கும் நான் குடிப்பேன், அது வேறு. சின்ன ப்ரூவரி என்று சொல்லி விற்காதே என்பதுதான் என் சண்டை. கப்பல்காரர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது: ஆயிரக்கணக்கான பேருக்கு, பல கப்பல்களுக்குச் சேர்த்து ஒரே ஒப்பந்தத்தில் வாங்குகிறார்கள். அந்த அளவுக்குச் சப்ளை செய்ய எந்தச் சின்ன ப்ரூவரியால் முடியும்?

சரி, பணத்துக்கு வருகிறேன். வரவேற்பு கவுன்டரில் வரிசையில் நின்றேன். அங்கிருந்த பெண் வவுச்சர் நம்பரைத் தட்டிப் பார்த்தார், கேபின் நம்பரைத் தட்டிப் பார்த்தார், என் பெயரைத் தட்டிப் பார்த்தார். "எங்கள் சிஸ்டத்தில் எதுவும் வரவில்லை சார், விற்றவர்களிடம் கேளுங்கள்." கேட்கலாம், ஆனால் நடுக்கடலில் எப்படிக் கேட்பது? அதற்குத் தனியாக வைஃபை வாங்க வேண்டும். வாங்கினேன். சாட்டைத் திறந்தால் ஹேஸியா வெஸ்ட் கோஸ்டா என்று கேட்டவர் இல்லை, வேறு பெயர். "வவுச்சரைக் கப்பலில் காட்டுங்கள் சார்." காட்டிவிட்டேன், அவர்களிடம் பதிவே இல்லை என்றேன். "அப்படியானால் கப்பல் நிர்வாகத்தை அணுகுங்கள் சார்." அணுகிவிட்டேன், உங்களிடம் அனுப்புகிறார்கள் என்றேன். "புரிகிறது சார். வவுச்சரைக் கப்பலில் காட்டுங்கள்." மறுபடி கவுன்டர், மறுபடி சாட். ஒரு கட்டத்தில் கவுன்டர் பெண்ணும் நானும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். சிரிக்கிற விஷயமா இது?

மறுநாள் கேபினுக்குச் சாக்லேட் தோய்த்த ஸ்ட்ராபெர்ரி ஒரு தட்டு வந்தது, "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று சீட்டோடு. மனைவி சாப்பிட்டாள், நன்றாக இருந்ததாம். 386 டாலர் விவகாரத்தில் எங்கள் கைக்கு வந்தது அந்தத் தட்டு ஒன்றுதான், அதையும் அனுப்பியவர்கள் காசு வாங்காதவர்கள்.

ப்ரூவரி டூருக்குத் துறைமுகத்தில் காத்திருந்தோம். பெயர்ப் பலகையோடு வண்டி வரும் என்று வவுச்சரில் இருந்தது. மற்ற டூர்க்காரர்கள் எல்லோரும் வந்து ஆட்களை ஏற்றிப் போனார்கள், எங்களுக்கு யாரும் வரவில்லை. கொடுத்திருந்த நம்பருக்கு அடித்தால் மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. நாங்களே நடந்து, வழி கேட்டு, ஒரு சின்ன டேப்ரூமை, அதாவது குழாயிலிருந்து பீர் ஊற்றித் தரும் கடையை, கண்டுபிடித்தோம். அந்த வாரம்தான் புதுப் பீப்பாய் மாட்டியதாகச் சொன்ன ஒரு ஐபிஏ, 7 டாலர். பயணம் முழுக்கக் குடித்ததில் உருப்படியான பீர் அது ஒன்றுதான்.

திரும்பி வந்ததும் ரீஃபண்ட் கேட்டு எழுதினேன். பதிலை அப்படியே தருகிறேன்: "வவுச்சர் தங்களுக்கு வெற்றிகரமாக அனுப்பப்பட்டுவிட்டதால் சேவை நிறைவேற்றப்பட்டதாகக் கருதப்படுகிறது." வவுச்சர்தான் சேவையாம்! பீர் வரவில்லையே ஐயா என்று எழுதினேன். படங்கள் மாதிரிக்கு மட்டுமே, வசதிகள் கப்பலுக்குக் கப்பல் மாறுபடும் என்று விதிமுறைப் பக்கத்தை ஒட்டி அனுப்பினார்கள். உங்கள் ஆளே இந்தக் கப்பலில் இருக்கிறது என்று சொன்ன சாட் இதோ என்று படம் பிடித்து அனுப்பினேன். உயர்நிலைக் குழுவுக்கு அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். போன் செய்தால் பாட்டுப் போடுகிறார்கள், பாட்டு முடிந்ததும் லைன் கட். கடைசியாக உயர்நிலைக் குழு திருவாய் மலர்ந்தது: நல்லெண்ண அடிப்படையில் 40 டாலர் கூப்பன், அடுத்த புக்கிங் 1,500 டாலருக்கு மேல் இருந்தால் செல்லும். 386 டாலரை வாயில் போட்டுக்கொண்டு, இன்னொரு 1,500 கொண்டுவா என்கிறார்கள். யார் காதில் பூ சுற்றுகிறார்கள்?

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது பொறுமை இல்லை. தோன்றுவதைச் சொல்கிறேன்.

பீர், ஒயின், டூர் எதுவானாலும் கப்பல் கம்பெனியின் சொந்தக் கணக்கில் உள்நுழைந்து வாங்குங்கள், அங்கே உங்கள் முன்பதிவுக்குக் கீழே அது தெரிய வேண்டும். தெரியவில்லையா, இல்லை என்று அர்த்தம். டிக்கெட் விற்றவன் தனியாக வவுச்சர் கொடுத்தால் வாங்காதீர்கள். ஏற்கனவே வாங்கியிருந்தால் கிளம்பும் முன்பே கப்பல் கம்பெனிக்குப் போன் போட்டு அந்த நம்பரைச் சொல்லிக் கேளுங்கள்.

கம்பெனி பெயரை வைத்து ப்ரூவரி இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள், கப்பல் பெயரை வைத்துப் பாருங்கள். கப்பலின் சொந்த மது பேக்கேஜ் என்றாலும், ஒரு கிளாஸுக்கு எத்தனை டாலர் வரை செல்லும், சேவைக் கட்டணம் அதற்குள்ளா வெளியேவா என்று பாருங்கள். கேனைத் திறப்பதற்கு முன் அடியில் தேதி.

துறைமுகத்தில் பீர் வாங்கிக்கொண்டு ஏறலாம் என்று நினைக்காதீர்கள், பெரும்பாலான கப்பல்களில் ஸ்கேனரிலேயே எடுத்துவைத்துக் கடைசி இரவுதான் தருவார்கள். இறங்கிய இடத்திலேயே குடித்துவிடுங்கள். பீருக்காகவே வழித்தடம் தேர்ந்தெடுக்கலாம்: அலாஸ்காப் பக்கம் போனால் ஜூனோவில் 1986 முதல் அலாஸ்கன் ப்ரூயிங் என்ற ப்ரூவரி இருக்கிறது, பெல்ஜியத்தின் ஜேப்ரூகில் கப்பல் நின்றால் பக்கத்தில்தான் ப்ரூஜ், அங்கே ஹால்வே மான் ப்ரூவரி 2016-ல் ஊருக்கு அடியில் மூன்று கிலோமீட்டருக்குக் குழாய் போட்டு பீரை பாட்டிலில் அடைக்கும் இடத்துக்கு அனுப்புகிறது. யாருடைய பேக்கேஜும் வேண்டாம், காலால் நடந்து போய்க் காசு கொடுத்துக் குடிக்கலாம்.

கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் 'சேவை வழங்கப்படவில்லை' என்று சார்ஜ்பேக் போடுங்கள், அதாவது கட்டிய பணத்தை வங்கி மூலம் திரும்பக் கேளுங்கள். பொதுவாக 120 நாள் அவகாசம், வங்கிக்கு வங்கி மாறும், தள்ளிப்போடாதீர்கள். சாட்டை அன்றைக்கே படம் பிடித்து வையுங்கள். எனக்கு இப்போது கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அதுதான். இன்று மாலைக்குள் அந்தப் படங்களைத் தேதி வாரியாக அனுப்பச் சொல்லி வங்கியிலிருந்து கேட்டிருக்கிறார்கள். கூப்பனை ஏற்கவில்லை என்று அந்த இணையதளத்துக்கும் எழுதிவிட்டேன். எனக்கு 386 டாலரும் வர வேண்டும்.