டிக் அடிப்பதா, டைப் அடிப்பதா, நேற்றையதை ஒட்டுவதா?

கம்ப்யூட்டரில் கேஸ் குறிப்பு எழுத வழக்கத்தில் மூன்று வழி: டெம்ப்ளேட்டில் டிக் அடிப்பது, நாமே டைப் செய்வது, போன தடவை எழுதியதை காப்பி பேஸ்ட் செய்து திருத்துவது. பாம்பன், மண்டபம் பக்கத்து ஓ.பி.யை வைத்துப் பார்ப்போம்.

சர்க்கரை, பிரஷருக்கு டெம்ப்ளேட்தான். அளவுகள் அதனதன் கட்டத்தில் விழும். ஆறு மாத ஏற்ற இறக்கம் ஒரே பார்வையில் தெரியும். ஆனால் சில மென்பொருளில் 'பாதம்: இயல்பு' என்று முன்கூட்டியே டிக் விழுந்திருக்கும். கடல்பாசி எடுக்கும் பெண்கள் கால் கிழிக்கும் பாறைகளுக்கு நடுவே இறங்குகிறவர்கள். சர்க்கரை உள்ளவரின் பாதத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் 'இயல்பு' பதிவாகிவிடும். அந்த டிக்கை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். வெற்றுக் கட்டம் எவ்வளவோ மேல்.

திருக்கை மீனின் முள் குத்தி வருகிறவருக்கு டெம்ப்ளேட் கைகொடுக்காது. டிக் அடித்தால் கிடைப்பது: 'காயம், கூர்மையான பொருள், வலது கால்.' டைப் அடித்தால்: 'காலை 5 மணி, வலை பிரிக்கும்போது திருக்கை குத்தியது. வலது கணுக்கால், உள்பக்கம். தாங்கும் சூட்டில் வெந்நீரில் வைத்ததும் வலி குறைந்தது. முள் துண்டு உள்ளே இருக்கலாம், எக்ஸ்ரே தேவை. டெட்டனஸ் ஊசி போட்டாச்சு.' மதுரைக்கு அனுப்பினால் ராத்திரி டியூட்டி டாக்டருக்கு இந்த ஐந்தாறு வரிதான் கை விளக்கு.

குறிப்பை எந்த வரிசையில் எழுதுவது என்பதிலும் இரண்டு கட்சி. நோயாளி சொன்னது, நாம் கண்டது, கணிப்பு, திட்டம் என்ற வரிசை 1960களில் லாரன்ஸ் வீட் என்ற அமெரிக்க மருத்துவர் கொண்டுவந்த முறையிலிருந்து வந்தது. தாளுக்குச் சரி. திரையில் கணிப்பும் திட்டமும் மேலே இருந்தால் அடுத்தவர் ஸ்க்ரோல் செய்து தேட வேண்டாம். என் ஓட்டு இதற்கே.

அப்புறம் காப்பி பேஸ்ட். 'மூன்று நாளாகக் காய்ச்சல்' என்று திங்கட்கிழமை எழுதியது வெள்ளிக்கிழமையும் மூன்று நாளாகவே நிற்கும். காய்ச்சல் தொடங்கிய தேதியைப் போட்டுவிட்டால் இந்த வம்பே இல்லை. பழைய ஆபரேஷன், ஒவ்வாத மருந்து போன்றவற்றை ஒட்டலாம். மாத்திரைப் பட்டியலை ஒட்டினால் நோயாளியிடம் மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள். இன்றைய பரிசோதனையை மட்டும் ஒட்டவே கூடாது.

இந்த மூன்றும் போக, குரலில் சொல்லிப் பதிவதும் உண்டு. வேகம்தான். ஓ.பி. இரைச்சலில் 'ஃபிஃப்டீன்' என்றது 50 ஆக விழுந்திருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் பார்க்க நேரமிருந்தால் வைத்துக்கொள்ளலாம்.