நாசாவின் ஃபெர்மி தரவுத் தளம்: எதற்கு நம்பலாம், எங்கே கவனம் வேண்டும்

காமா கதிர் வானியலில் ஆர்வம் இருக்கிறது, சொந்தமாக எதையாவது அலசிப் பார்க்கவேண்டும் என்றால் யோசிக்காமல் இங்கே போங்கள். காசு கிடையாது. வானத்தில் எந்த இடம், எத்தனை டிகிரி ஆரம், எந்தத் தேதியிலிருந்து எதுவரை, என்ன ஆற்றல் என்று படிவத்தை நிரப்பினால் போதும், ஃபெர்மி செயற்கைக்கோளின் லாட் கருவி பிடித்த ஒவ்வொரு ஃபோட்டானும் எப்போது, எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு ஆற்றலோடு வந்தது என்ற பட்டியலே கைக்கு வந்துவிடும். 2008 ஆகஸ்டிலிருந்து சேர்ந்தது அத்தனையும்.

நான் எடுத்தது எம்82. சப்தரிஷி மண்டலத்துப் பக்கம், சுமார் 1.2 கோடி ஒளியாண்டு தூரத்தில், நட்சத்திரங்கள் மளமளவென்று பிறக்கும் கேலக்ஸி. அங்கே வெடிக்கும் சூப்பர்நோவாக்கள் புரோட்டான்களை முடுக்கிவிடுகின்றன, அவை வாயுவில் மோதிப் பையான்கள் என்ற நொடியில் சிதையும் துகள்கள் உண்டாகி, அந்தப் பையான்கள் சிதைந்து காமா கதிராக வருகின்றன. படத்தில் ஒரு மங்கலான பொட்டுதான் தெரியும், லாட்டின் கூர்மை அவ்வளவுதான். ஆனால் இதே மாதிரி, தனியாகப் பிடிபடாத எண்ணற்ற கேலக்ஸிகள்தான் வானமெங்கும் பரவிய மெல்லிய காமா பின்னணியின் பெரும்பகுதி என்று 2021இல் நேச்சர் இதழில் ஒரு குழு கணக்குக் காட்டியது. ஆனால் 50 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்கு மேலே பெரும்பங்கு பிளேசர்களுடையது, அதாவது நடுவிலுள்ள பெருங்கருந்துளை நம்மை நோக்கித் துகள்களைப் பீய்ச்சும் கேலக்ஸிகளுடையது என்று 2016இல் ஃபெர்மி குழு சொல்லியிருந்தது. இரண்டையும் நாமே உரசிப் பார்க்கத் தரவு திறந்து கிடக்கிறது, எனக்கு இந்தத் தளத்தை இவ்வளவு பிடித்துப்போனதற்குக் காரணம் அதுதான்.

ஒரு எச்சரிக்கை. தளத்தில் ஐசோட்ரோபிக், அதாவது எல்லாத் திசையிலும் ஒரே அளவு என்று கொண்ட பின்னணிக்கு ஒரு மாதிரிக் கோப்பு கிடைக்கும், அதையே கேலக்ஸிகளின் பின்னணி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். காமா என்று தவறாகப் பதிவான காஸ்மிக் கதிர்களும், அதாவது விண்வெளியிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்களும் அதில் கலந்திருக்கின்றன. எம்82 மாதிரி ஒரு புள்ளியை அளக்க அது போதும், ஃபோட்டான்களை எவ்வளவு கறாராக வடிகட்டியது என்று சொல்லும் வகைகளில் 128 என்ற சோர்ஸ் வகையும் போதும். பின்னணியையே அளக்கப்போகிறீர்கள் என்றால் இன்னும் கறாரான 1024, அதாவது அல்ட்ராகிளீன்வீட்டோ வகை. ஃபோட்டான் குறையும், பரவாயில்லை. அப்புறம் உச்சிக்கோணத்தை, அதாவது செயற்கைக்கோளுக்கு நேர் மேலிருந்து அளக்கும் கோணத்தை, 90 டிகிரியில் வெட்டிவிடுங்கள், பூமியின் விளிம்பே காமாவில் பளிச்சென்று எரியும்.

இந்தத் தரவை அலசும் ஃபெர்மிடூல்ஸ் மென்பொருளும் இலவசம்தான், ஆனால் எல்லாம் கட்டளை அடித்து ஓட்டவேண்டியது, பழகாதவர்களுக்கு முதலில் கஷ்டமாக இருக்கும். எடுத்த எடுப்பில் எம்82க்குப் போகவேண்டாம், அதற்குப் பல வருடத் தரவு வேண்டும், கணக்கும் மணிக்கணக்கில் ஓடும். காமாவில் பளிச்சென்று தெரியும் சுழல் நட்சத்திரமான வேலா பல்சரின் தரவை ஒரு மாதத்துக்கு மட்டும் இறக்கிப் பாருங்கள், கண்ணை மூடிக்கொண்டு தேடினாலும் கிடைக்கும்.