அம்பாசடரில் ஏ.சி.: மூன்று கோடை ஓட்டிய பிறகு

குடியாத்தத்தில் இருக்கும் நண்பர் சென்ற மாதம் ஒரு பழைய அம்பாசடர் வாங்கினார். மறுநாளே போன். "மச்சான், உன் வண்டியில ஏ.சி. போட்டு மூணு சம்மர் ஓட்டிட்டியே, எப்படி இருக்கு? நானும் போட்டுடலாமா?" ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை. அரை மணி நேரம் பேசிய பிறகும் பாதி விஷயம் பாக்கி இருந்தது. அதனால் எழுதியே விடுகிறேன்.

என் வண்டி 1991 மாடல் நோவா, அப்பா வாங்கியது. அதன் 1489 சி.சி. என்ஜின் ஆயில் குடிக்க ஆரம்பித்ததும், அதே கம்பெனியின் காண்டஸா காரில் வந்த 1817 சி.சி. இசுசு பெட்ரோல் என்ஜினையும் அதனுடைய ஐந்து கியர் பாக்ஸையும் மாட்டினேன். கம்பெனியே பின்னாளில் இதே என்ஜினை அம்பாசடரில் வைத்து விற்றதால் பெரிய வெட்டு ஒட்டு தேவைப்படவில்லை. ஆர்.சி.யில் புது என்ஜின் நம்பரும் ஏறிவிட்டது. 2023 பிப்ரவரியில் ஏ.சி. போட்டேன். கம்ப்ரஸர் புதிது, சான்டன் 508. கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டன்ஸர், டிரையர், குழாய்கள் எல்லாம் புதிது. டேஷ்போர்டுக்குக் கீழே தொங்கும் கூலிங் காயில் பெட்டி மட்டும் பழைய வண்டியில் இருந்து கழற்றியது. அது ஆர்12 என்ற பழைய ஏ.சி. கேஸ் காலத்துப் பெட்டி என்பதால் எக்ஸ்பான்ஷன் வால்வை மாற்றி, உள்ளே இருந்த பழைய ஆயிலை நன்றாகக் கழுவி வெளியேற்றி, அதற்குப் பின் வந்த ஆர்134ஏ கேஸுக்கு ஏற்ற பி.ஏ.ஜி. ஆயில் ஊற்றினோம். மொத்தம் எனக்கு 68,000 ரூபாய் ஆனது.

குளிர் எப்படி? சரியாக இருக்கும்போது அபாரம். வேலூர் மே மாதத்தைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கோட்டைச் சுவரைப் பக்கத்தில் நின்று தொட்டால் சாயங்காலம் ஆறு மணிக்கும் சுடும் ஊர் இது. அக்னி நட்சத்திரத்தில் 41 டிகிரி வெயிலில் ஹைவேயில் போகும்போது வென்ட்டில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன், 8 டிகிரி காட்டியது. அம்மாவுக்கு 74 வயது. வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகிற வழியில் கண்ணமங்கலம் தாண்டியதும் தூங்கினவர் போளூரில்தான் கண் விழித்தார். இந்த வண்டியில் அம்மா தூங்கி அதற்கு முன்பு நான் பார்த்ததே இல்லை. முன்பெல்லாம் ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு, அனல் காற்றில் முகத்தைச் சுளித்தபடிதான் வருவார். அந்த ஒரு பயணத்துக்காகவே 68,000 தகும் என்று அன்று தோன்றியது.

அது வண்டி ஓடும்போது. நின்றால்?

முதல் இரண்டு கோடையும் என்னை வதைத்தது இதுதான். கிரீன் சர்க்கிளில் சிக்னல் விழுந்து இரண்டு நிமிடம் நின்றால் போதும். புளோயர் சத்தம் இறங்கும். வென்ட்டில் 22 டிகிரி வரும். அப்புறம் "டக்" என்று ஒரு சத்தம், கம்ப்ரஸர் அணைந்துவிடும். பாலாற்றுப் பாலத்தில் நெரிசலில் மாட்டினாலும் இதே கதை. வண்டி நகர்ந்து ஐந்து நிமிடத்தில் மறுபடியும் ஐஸ் மாதிரிக் காற்று. ஓடினால் குளிர், நின்றால் வேக்காடு.

இதற்கு எனக்குக் கிடைத்த வைத்தியங்களை வரிசையாகச் சொன்னால்தான் என் கோபம் புரியும். மாட்டிக் கொடுத்த கடையில் முதல் முறை "கேஸ் கம்மி" என்று சொல்லி, அழுத்தம் காட்டும் கேஜ் கூட மாட்டிப் பார்க்காமல் கொஞ்சம் அடித்தார்கள். நிலைமை இன்னும் மோசமானது. இரண்டாவது முறையும் அடித்தார்கள். வேறொரு கடைக்குப் போனேன். அங்கே கேஜ் மாட்டினார்கள். ஐடிலிங்கில் ஹை சைடு, அதாவது கம்ப்ரஸர் அழுத்தி அனுப்பும் பக்கத்து முள் 400 பி.எஸ்.ஐ. பக்கம் ஏறுவதையும், பிரஷர் ஸ்விட்ச் கம்ப்ரஸரை அணைப்பதையும் என் கண்ணாலேயே பார்த்தேன். அந்த ஸ்விட்சின் வேலையே அதுதான். அழுத்தம் எல்லை தாண்டினால் குழாய் வெடிக்காமல் காப்பாற்றுகிறது. அதாவது, ஏற்கெனவே அழுத்தம் ஏறி அணைந்துகொண்டிருந்த சிஸ்டத்துக்குள் முதல் கடையில் மேலும் மேலும் கேஸை அடித்திருக்கிறார்கள். இரண்டாவது கடையில் எல்லாவற்றையும் இறக்கி, முக்கால் மணி நேரம் வேக்கம் பம்ப் வைத்து உள்ளே இருந்த காற்றை இழுத்து, எடை போட்டு 750 கிராம் கேஸ் ஏற்றினார்கள். அவர்கள் வேலையில் நான் குறை சொல்ல மாட்டேன். கொஞ்சம் தேறியது, ஆனால் சிக்னலில் அணைவது நிற்கவில்லை.

அப்புறம் ரேடியேட்டர். ஏ.சி. போட்டதில் இருந்து இன்னொன்றும் கவனித்தேன். ராத்திரியில் ஹெட்லைட் போட்டவுடன் டெம்பரேச்சர் முள் சட்டென்று ஒரு கோடு மேலே ஏறும். "இசுசு என்ஜினுக்கு இந்த ரேடியேட்டர் பத்தாது, ஏ.சி. வேற சேர்ந்துடுச்சு" என்றார் ஒருவர். நம்பினேன். மூன்று வரிசை கோர் போட்டு ரேடியேட்டரை மாற்றினேன், 9,500 ரூபாய். முள் அதே மாதிரி ஏறியது. ஹெட்லைட் போட்ட அதே நொடியில் தண்ணீர் எப்படிச் சூடாகும் என்று அன்றே நான் யோசித்திருக்க வேண்டும்.

மியூசிக் சிஸ்டத்தில் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க "கீ..." என்று ஏறும் ஒரு இரைச்சல். ரிவர்ஸ் கேமராத் திரையில் கோடு கோடாக ஓடும். ஒன்றரை வருடத்தில் பேட்டரி இரண்டு போனது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள், ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு காரணம், ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு பில்.

இவை எல்லாமே ஒரே வியாதி என்று கண்டுபிடித்தவர் ஆற்காட்டில் இருக்கும் ஒரு வயதான எலக்ட்ரீஷியன். பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். போன வருடம் ஏப்ரல் கடைசியில் அவரிடம் போனேன். கேஜ் கேட்கவில்லை, ஏ.சி. ஸ்விட்சைப் போடவும் சொல்லவில்லை. பானட்டைத் திறந்து, "நாலஞ்சு தடவை ஸ்டார்ட் பண்ணு தம்பி" என்றார். பண்ணினேன். ஆக்சிலரேட்டர் கேபிளைத் தொட்டுப் பார்த்து, "இங்க வந்து கை வை" என்றார். கேபிள் சுட்டது.

"இது ஏன் பாய் சுடுது?"

"என்ஜினுக்கு எர்த் இல்லப்பா. கரண்ட் இது வழியா ஓடுது."

நடந்தது இதுதான். என்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. பேட்டரியின் நெகட்டிவ் பாடியில் இருக்கிறது. அதனால் என்ஜினையும் பாடியையும் சேர்த்து ஒரு தடித்த எர்த் பட்டை கட்டாயம் வேண்டும். பழைய என்ஜினில் அது இருந்தது. என்ஜின் மாற்றும்போது கழற்றியவர்கள் திருப்பி மாட்டவில்லை. மின்சாரம் எப்படியாவது வழி தேடிக்கொள்ளும். ஆக்சிலரேட்டர் கேபிள், சைலன்சர் குழாய், ஸ்பீடோ கேபிள் என்று கிடைத்த வழியெல்லாம் போயிருக்கிறது. ஏ.சி. இல்லாதவரை கரண்ட் தேவை குறைவு, ஒன்றும் தெரியவில்லை. ஏ.சி. வந்ததும் புளோயருக்கு ஒரு 12 ஆம்பியர், கண்டன்ஸர் ஃபேனுக்கு 10, கம்ப்ரஸரை என்ஜினோடு பிடிக்க வைக்கும் கிளட்ச் காயிலுக்கு 4, ஹெட்லைட் போட்டால் இன்னொரு 9. அவ்வளவும் என்ஜினில் இருக்கும், கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டருக்குத் திரும்பிப் போக நல்ல பாதை இல்லை.

பாய் மல்டிமீட்டரை எடுத்தார். ஒரு முனையை என்ஜின் பிளாக்கிலும் இன்னொன்றை பேட்டரி நெகட்டிவிலும் வைத்து, லைட்டையும் புளோயரையும் கண்டன்ஸர் ஃபேனையும் போடச் சொன்னார். 1.5 வோல்ட். "இங்க 0.2-க்கு மேல வரவே கூடாது" என்றார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுமார் 30 ஆம்பியர் ஓடும்போது 1.5 வோல்ட் தொலைகிறது என்றால் பாதையின் தடை 0.05 ஓம்தான். இத்தனை சிறிய தடை இவ்வளவு பாடு படுத்தும் என்று நான் நினைத்தே பார்த்ததில்லை. ஆல்டர்னேட்டரில் 14 வோல்ட் இருந்தும் பேட்டரிக்கு 12.5 தான் வந்துசேரும். பேட்டரிகள் ஏன் செத்தன என்பது இப்போது புரிகிறதா? கண்டன்ஸர் ஃபேன் நிலைமை இன்னும் மோசம். அதன் எர்த் ஒயரைப் பெயின்ட்டுக்கு மேலேயே ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தார்கள். ஃபேனுக்குக் கிடைத்தது 10.4 வோல்ட். சுற்றும், ஆனால் காற்றை இழுக்காது. வண்டி ஓடும்போது முன்பக்கத்துக் காற்று கண்டன்ஸரைக் குளிர்வித்துக் காப்பாற்றியது. சிக்னலில் நின்றதும் சூடு வெளியேறாமல் அழுத்தம் ஏறி, ஸ்விட்ச் அணைத்தது. டெம்பரேச்சர் முள்ளும் அப்படியே. சென்ஸர் என்ஜினில், மீட்டர் பாடியில். ஹெட்லைட் போட்டதும் இரண்டுக்கும் நடுவே வோல்ட் வித்தியாசம் கூடி முள் ஏறியது. தண்ணீர் சூடாகவே இல்லை.

சரிசெய்ய எவ்வளவு ஆனது தெரியுமா? 25 சதுர மி.மீ. செம்பு கேபிள் இரண்டு துண்டு. ஒன்று பேட்டரி நெகட்டிவில் இருந்து நேராக கியர் பாக்ஸ் போல்ட்டுக்கு. இன்னொன்று என்ஜின் பிளாக்கில் இருந்து பாடிக்கு. போல்ட் வரும் இடத்தில் பெயின்ட்டை எமரி பேப்பர் போட்டுத் தேய்த்து இரும்பு பளபளக்கும் வரை சுத்தம் செய்து, லக் வைத்து முடுக்கி, மேலே வாஸ்லின். ஃபேனுக்கு ரிலே வைத்து பேட்டரியில் இருந்து தனி ஒயர், ஒயர் தொடங்கும் இடத்திலேயே ஃப்யூஸ். கூலியோடு சேர்த்து 1,850 ரூபாய். மியூசிக் இரைச்சல் அன்றே போனது, கேமரா கோடும் போனது. சிக்னலில் இப்போது 13 டிகிரி. அதன் பிறகு கம்ப்ரஸர் ஒருமுறைகூடத் தானாக அணையவில்லை.

இரண்டு கோடை, இரண்டு பேட்டரி, ஒரு ரேடியேட்டர், மூன்று முறை கேஸ். என்ஜின் மாற்றுகிறவருக்கு அந்தப் பட்டையைத் திருப்பி மாட்ட ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். ஏ.சி. மாட்டுகிறவர் ஒரே ஒரு முறை மீட்டர் வைத்துப் பார்த்திருக்கலாம். நிதானமாகத்தான் எழுத நினைத்தேன், ஆனால் இந்த இடத்துக்கு வந்ததும் இன்னும் கொதிக்கிறது. ஏ.சி. கடைக்காரர்கள் கேஸைத் தாண்டிப் பார்ப்பதில்லை. ஒயரிங் பார்ப்பவர்கள் ஏ.சி. நம்ம வேலை இல்லை என்று ஒதுங்குகிறார்கள். வண்டிக்காரன் நடுவில் நிற்கிறான்.

நியாயமாகச் சில வார்த்தையும் சொல்ல வேண்டும். கம்ப்ரஸர் இந்த மூன்று வருடத்தில் ஒரு சொட்டு ஆயில்கூடக் கசியவில்லை. இசுசு என்ஜின் ஏ.சி. சுமையைத் தாராளமாக இழுக்கிறது. நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஏலகிரியின் பதினாலு வளைவையும் ஏ.சி.யோடே ஏறினேன், முள் அசையவில்லை. ஐடில்-அப் வால்வு மட்டும் மறக்காமல் போட வேண்டும். கார்புரேட்டர் என்ஜினில் அது இல்லையென்றால் கம்ப்ரஸர் பிடித்ததும் ஐடிலிங் இறங்கி வண்டி உதறும். கூரைக்கு உள்ளேயும் ஃபயர்வாலிலும் இன்சுலேஷன் ஒட்டினேன். அம்பாசடர் கேபினின் அகலத்துக்கு அது இல்லாமல் எந்தக் கம்ப்ரஸரும் திணறத்தான் செய்யும். கூலிங் காயிலின் தண்ணீர் வடியும் குழாய் வருடத்துக்கு ஒருமுறை அடைத்துக்கொண்டு பக்கத்து சீட்டுக்காரர் காலில் சொட்டும். அதைப் பெரிய குறையாகச் சொல்ல மாட்டேன், குழாயில் காற்று ஊதினால் சரியாகிவிடும்.

நண்பருக்கு என் பதில்: போடாதே. இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறானே என்று நினைக்கலாம். உன் வண்டியில் யாராவது என்ஜின் மாற்றினார்களா, மாற்றியிருந்தால் எந்த ஒயரை எங்கே விட்டார்கள் என்று உனக்குத் தெரியாது. உன் ஊரில் மீட்டர் பிடித்துப் பார்க்கிற ஒரு ஆளை முதலில் கண்டுபிடி. கிடைக்காவிட்டால் இந்த வருடம் காற்றோட்டமாகவே ஓட்டு. கிடைத்தால் கேஸையும் கம்ப்ரஸரையும் பற்றிப் பேசுவதற்கு முன் என்ஜின் பிளாக்குக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் எத்தனை வோல்ட் என்று பார்த்து எனக்கு எழுது.

என் வண்டியில் இருந்து ஏ.சி.யைக் கழற்றச் சொன்னால் கழற்ற மாட்டேன். அது வேறு விஷயம், அம்மா இருக்கிறார். நேற்று ஆம்பூரில் இருந்து வரும்போதுகூட பள்ளிகொண்டா டோல் தாண்டி ஓரமாக நிறுத்தி, வண்டியை மறுபடி ஸ்டார்ட் பண்ணிவிட்டு, பானட்டைத் திறந்து ஆக்சிலரேட்டர் கேபிளைத் தொட்டுப் பார்த்தேன். சுடவில்லை.