வான்கடே அரங்குக்கு லோக்கல் ரயில்: தாராவிவாசி ஒருவரின் மதிப்புரை

ஆட்டம் நடக்கும் நாளில் வான்கடே அரங்குக்குப் போய்த் திரும்ப மும்பையில் பல வழிகள் உண்டு. தாராவியில் இருபது ஆண்டுகளாகக் குடியிருந்து, அந்த வழிகளில் பெரும்பாலானவற்றை ஒரு முறையாவது முயன்று பார்த்தவன் என்ற முறையில், மேற்கு ரயில்வேயின் லோக்கல் ரயிலையே நான் முதலில் சொல்வேன். அதைப் பயன்படுத்துவதில் மட்டும் ஒரு நுணுக்கம் இருக்கிறது: போகும்போது மரைன் லைன்ஸில் இறங்க வேண்டும், திரும்பும்போது சர்ச்கேட்டில் ஏற வேண்டும். வெளியூரிலிருந்து வருபவர்களும், இங்கேயே பிறந்து வளர்ந்த சிலரும்கூட, இதைத் தலைகீழாகச் செய்து சிரமப்படுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

முதலில் அரங்கு நிற்கும் இடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். சுமார் 33,000 பேர் அமரக்கூடிய வான்கடே, தென் மும்பையின் நெரிசலான பகுதியில், மேற்கே மரைன் டிரைவ் கடற்கரைச் சாலைக்கும் கிழக்கே ரயில் தண்டவாளங்களுக்கும் நடுவில் ஒடுங்கி நிற்கிறது. கிழக்குப் பக்கப் பார்வையாளர் மாடத்தை ஒட்டியே ரயில்கள் ஓடுவதால், ஆட்டத்தின் நடுவே ஹாரன் ஒலி கேட்பது அங்கே அமர்ந்திருப்பவர்களுக்குப் பழக்கமான ஒன்று. பக்கத்திலேயே 1937 முதல் பிரபோர்ன் அரங்கு இருக்க, அதன் நிர்வாகத்தோடு நுழைவுச்சீட்டுப் பங்கீட்டில் எழுந்த பூசலால் மும்பைக் கிரிக்கெட் சங்கம் தனக்கென்று கட்டிக்கொண்டு, 1975இல் முதல் டெஸ்ட் ஆட்டத்தை நடத்திய அரங்கு இது. இருந்த நிலத்துக்குள் அடக்கிக் கட்டிய காரணத்தால், பொதுமக்கள் வண்டி நிறுத்துவதற்கு இங்கே இடமே கிடையாது. ஆட்ட நாள்களில் சுற்றியுள்ள சாலைகளில் வண்டி நிறுத்தப் போக்குவரத்துக் காவல்துறை தடை விதிப்பதும், ரயிலில் வரும்படி கேட்டுக்கொள்வதும் வழக்கம். ஆகவே காரில் போகலாமா என்ற கேள்வியை நான் இங்கே எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

மாஹிம் நிலையத்தின் கிழக்கு வாசல் தாராவிப் பக்கம் திறக்கிறது. அங்கிருந்து சர்ச்கேட்டுக்கு, எல்லா நிலையங்களிலும் நிற்கும் ஸ்லோ ரயிலில் ஏறத்தாழ அரை மணி நேரப் பயணம்; இரண்டாம் வகுப்புக் கட்டணம் பத்து ரூபாய். மாலை 7:30 மணி ஆட்டத்துக்கு 5 மணிக்கே மாஹிமில் நின்றுவிட வேண்டும் என்பது என் கணக்கு. வேலை நாளாக இருந்தால் அந்த நேரத்தில் மும்பைப் பெருங்கூட்டம் தெற்கிலிருந்து வடக்கே, அதாவது அலுவலகத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். ஆட்டம் பார்க்கப் போகிறவர்களோ அதற்கு எதிர்த்திசையில் போகிறார்கள். அதனால் மாலை 5 மணிக்கு மாஹிமில் வந்து நிற்கும் சர்ச்கேட் வண்டியில், காலையில் கனவிலும் கிடைக்காத சன்னலோர இருக்கை கிடைப்பதுண்டு. இந்த ஒரு வசதிக்காகவே, முடிந்தவர்கள் வேலை நாள் ஆட்டத்துக்குச் சீட்டு வாங்குவது நல்லது.

ஞாயிற்றுக்கிழமை மாலை 3:30 மணிக்குத் தொடங்கும் ஆட்டமானால் கவனம் வேறு. ஞாயிறு பகல் நேரங்களில் பராமரிப்பு வேலைக்காகச் சில தடங்களை மூடும் ‘ஜம்போ பிளாக்’ அறிவிக்கப்படுவதுண்டு. முந்தைய நாளே அறிவிப்பைப் பார்த்துவிட்டு, ஒரு மணி நேரமாவது முன்னதாகக் கிளம்ப வேண்டும்.

இனி, ஏன் சர்ச்கேட்டில் இறங்கக் கூடாது என்பதற்கு வருகிறேன். வரைபடத்தில் பார்த்தால் சர்ச்கேட்டே அரங்குக்கு அருகில் இருப்பதுபோல் தெரியும், அது உண்மையும்கூட. ஆனால் சர்ச்கேட் கடைசி நிலையம். வந்து நிற்கும் அதே வண்டிதான் சில நிமிடங்களில் வடக்கே திரும்பிப் போகும். வடக்குப் புறநகர்களான விராருக்கும் போரிவலிக்கும் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ போகவேண்டியவர்கள், உட்கார ஓர் இடம் பிடிப்பதற்காக, வண்டி முழுதாக நிற்பதற்கு முன்பே வாசல் கம்பியைப் பற்றி உள்ளே தாவுவார்கள். நாள் முழுதும் உழைத்துவிட்டு நிற்கும் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்த வேகத்துக்கு எதிரே குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்க முயல்வது ஆபத்து என்பதையே சொல்கிறேன். எப்படியும் சர்ச்கேட்டில்தான் இறங்க வேண்டும் என்றால், எழுந்து வாசலுக்கு விரையாமல் இருக்கையிலேயே அமர்ந்திருந்து, ஏறுகிறவர்கள் ஏறி முடித்தபின் நிதானமாக இறங்குங்கள். வண்டி உடனே கிளம்பிவிடாது.

அதற்கு ஒரு நிலையம் முன்னதான மரைன் லைன்ஸில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. ஃபாஸ்ட் ரயில்கள் பொதுவாக அங்கே நிற்பதில்லை என்பதால் ஸ்லோ ரயிலாகப் பார்த்து ஏற வேண்டும். மாஹிமிலிருந்து போகிறவர்களுக்கு ஸ்லோதான் கதி என்பதால் அதுவும் பொருட்டில்லை. மேற்குப் பக்கம் இறங்கி மரைன் டிரைவுக்கு வந்து, அரபிக்கடலை வலப்புறம் வைத்துத் தெற்கே நடந்தால் கால் மணி நேரத்தில் அரங்கின் பக்கம் வந்துவிடலாம். ஏப்ரல் மாத மாலையில், வெயில் தணிந்து கடற்காற்று முகத்தில் படும் அந்த நடையை, ஆட்டத்தின் ஒரு பகுதியாகவே நான் கருதுகிறேன். அரங்கைச் சுற்றி டி ரோடு, வினூ மன்கட் ரோடு என வெவ்வேறு சாலைகளில் வாயில்கள் இருப்பதால், உங்கள் நுழைவுச்சீட்டில் எந்த வாயில் குறிக்கப்பட்டிருக்கிறது என்பதை வீட்டிலேயே பார்த்து வையுங்கள். தவறான வாயிலில் வரிசையில் நின்றுவிட்டு, காவலர் கைகாட்டும் திசையில் மீண்டும் சுற்றிக்கொண்டு ஓடுவது, பரிசோதனை வரிசை நீண்டிருக்கும் வேளையில் முதல் ஓவர்களை விழுங்கிவிடும். பை, தண்ணீர்ப் புட்டி, பவர் பேங்க் போன்றவற்றை உள்ளே விடமாட்டார்கள். ஆகவே கைபேசியும் பணமும் சீட்டும் மட்டும் சட்டைப்பையில் இருக்கட்டும்.

திரும்பி வரும் வழிதான் உண்மையான சோதனை. 2024 ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை, தமிழ்ப் புத்தாண்டு நாள். சென்னை சூப்பர் கிங்ஸும் மும்பை இந்தியன்ஸும் மோதிய இரவு ஆட்டம். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த என் அக்காள் மகனை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். சென்னை அணியின் கடைசி ஓவரில் களமிறங்கிய தோனி அடுத்தடுத்து மூன்று சிக்சர் அடித்து நான்கு பந்துகளில் 20 ஓட்டங்கள் எடுத்தார். ரோகித் சர்மா சதம் அடித்து ஆட்டமிழக்காமல் நின்றும் மும்பை தோற்றது சரியாக அந்த 20 ஓட்ட வித்தியாசத்தில்தான். மஞ்சள் சட்டையும் நீலச் சட்டையும் ஒரே நேரத்தில் தெருவில் வழிய, “மாமா, பக்கத்து ஸ்டேஷனுக்கு நடந்துருவோம், இங்க கூட்டமா இருக்கு” என்று அவன் மரைன் லைன்ஸ் பக்கம் கையைக் காட்டினான். நான் மறுத்து அவனைச் சர்ச்கேட்டுக்கே இழுத்துப் போனேன். காரணம் எளிது: சர்ச்கேட்டில் வண்டி காலியாகித்தான் மறுபடி நிரம்புகிறது, ஒன்றில் இடமில்லையென்றாலும் அடுத்த வண்டியில் நிம்மதியாக ஏறலாம். மரைன் லைன்ஸுக்கு வரும்போது அதே வண்டி வாசல்வரை நிரம்பியிருக்கும். அன்று நாங்கள் முதல் வண்டியை விட்டுவிட்டு இரண்டாவதில் ஏறினோம். இருவருக்கும் உட்கார இடம் கிடைத்தது.

மேற்கு வழித்தடத்தில் நள்ளிரவு தாண்டி ஏறத்தாழ ஒரு மணி வரை வண்டிகள் உண்டு என்பதால், சூப்பர் ஓவர் வரை நீளும் ஆட்டத்தையும் பதற்றமின்றிப் பார்க்கலாம். இந்த உறுதிதான் லோக்கல் ரயிலின் தலையாய சிறப்பு. இதற்கு முன் வேறோர் ஆண்டில், செயலி ஒன்றின் வழியே வாடகைக் காருக்கு முயன்று, ஒப்புக்கொண்ட ஓட்டுநர்கள் இருவர் அடுத்தடுத்துப் பயணத்தை ரத்து செய்ய, முக்கால் மணி நேரம் தெருவில் நின்றுவிட்டுக் கடைசியில் ரயிலுக்கே போன அனுபவம் எனக்கு உண்டு. அன்றிலிருந்து புறப்படும்போதே ரிட்டர்ன் டிக்கெட் வாங்கிவிடுகிறேன். இரவு பதினொன்றரைக்குச் சர்ச்கேட் சீட்டு வரிசையில் நிற்கும் கூட்டத்தைக் கண்டால் அந்தப் பத்து ரூபாயின் அருமை விளங்கும். பெண்கள் தனியாகத் திரும்புவதானால், இரவில் காவலர் ஒருவர் இருக்கும் பெண்கள் பெட்டியைத் தேர்ந்துகொள்ளலாம்.

2025 அக்டோபரில் தென்கோடியிலுள்ள கஃப் பரேடு வரை முழுதாகத் திறக்கப்பட்ட மூன்றாம் மெட்ரோ தடத்தையும் சொல்லாமல் விட முடியாது. 33.5 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுரங்கத் தடத்தில் தாராவிக்கும் ஒரு நிலையம், சர்ச்கேட்டுக்கும் ஒரு நிலையம் இருக்கின்றன. குளிரூட்டப்பட்ட பெட்டி, தள்ளுமுள்ளு இல்லாத இறக்கம், வேர்வையில்லாத பயணம் என்று போகிற வழிக்கு அது அருமையான ஏற்பாடு. வயதான பெற்றோரை அழைத்துச் செல்வதானால் கட்டணம் லோக்கலைவிடச் சில மடங்கு கூடுதலானாலும் நான் அதையே எடுப்பேன். ஆனால் வழக்கமான நாள்களில் இரவு 10:30 மணியளவில் அதன் கடைசி வண்டிகள் கிளம்பிவிடுகின்றன. இரவு ஆட்டம் முடியவே பதினொன்றைத் தாண்டிவிடும். ஆட்ட நாளில் நேரத்தை நீட்டித்து அறிவிப்பு வந்தாலொழிய, மெட்ரோவில் போய் லோக்கலில் திரும்புவதே பொருத்தம்.

மத்திய ரயில்வே தடங்களில் உள்ள செம்பூரிலிருந்தும் முலுண்டிலிருந்தும் வரும் நம்மவர்கள் சிஎஸ்எம்டி (சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ்) நிலையத்தில் இறங்கி நடக்கிறார்கள். ஆசாத் மைதானத்தைக் கடந்து சுமார் இரண்டு கிலோமீட்டர், இருபத்தைந்து நிமிடம் ஆகும். போகும்போது அது நல்ல வழிதான். இரவில் மட்டும் சர்ச்கேட்டிலேயே ஏறித் தாதரில் மத்திய வழித்தடத்துக்கு மாறிக்கொள்வது கால்களுக்கு நல்லது; செம்பூர்க்காரர்கள் குர்லாவில் இன்னொரு முறை ஹார்பர் தடத்துக்கு மாற வேண்டும். மத்திய வழித்தடத்தின் கடைசி வண்டி நேரத்தை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.