வஸிய்யத்தா, ஹிபாவா, பராயிளுக்கே விட்டுவிடுவதா?

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கொஞ்சம் தேயிலையும் ஒரு வீடும் வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவருக்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்றும் எழுதாமல் பராயிள் (ஷரீஅத் வாரிசுப் பங்கு) கணக்குப்படி பிரியவிடலாம், வஸிய்யத் (உயில்) எழுதலாம், உயிரோடு இருக்கும்போதே ஹிபாவாக (தானமாக) கொடுத்துவிடலாம். எது நல்லது என்று கேட்பவர் மனதில் பெரும்பாலும் இரண்டு பேரில் ஒருவர் இருப்பார்: தகப்பனை இழந்த பேரப்பிள்ளை, அல்லது கூடவே இருந்து தோட்டம் பார்த்த மகன். இந்த இருவருக்கும் வழி வேறு வேறு.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். 1937 ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விட்டுவிட்டது உண்மைதான். ஆனால் சென்னை மாகாணம் 1949-இல் திருத்தம் செய்து அதையும் சேர்த்துவிட்டது. ஆகவே நீலகிரித் தேயிலைக்கும் பராயிள்தான். சிறப்புத் திருமணச் சட்டப்படி மணம் முடித்தவர்களுக்கு மட்டும் இது வேறு.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். சொத்து மதிப்பு 80 லட்சம். கஃபன் துணி, அடக்கச் செலவு, வங்கிக் கடன், மனைவிக்குக் கொடுக்காமல் நிற்கும் மஹர் (மணக்கொடை) எல்லாம் 8 லட்சம். மஹரும் கடன்தான், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். மீதி 72 லட்சம். மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள், இறந்துபோன இன்னொரு மகனின் பிள்ளைகள் என்று குடும்பம்.

எழுதாமல் விட்டால் மனைவிக்கு 1/8, அதாவது 9 லட்சம். மீதி 63 லட்சத்தில் மகனுக்கு 31.5, மகள்களுக்குத் தலா 15.75. உயிரோடு ஒரு மகன் இருப்பதால் பேரப்பிள்ளைகளுக்குப் பூஜ்யம். தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்று, பிறகு கூட்டுப் பட்டா, பிறகு பாகப்பிரிவினை. ஒருவர் கையெழுத்துப் போட மறுத்தாலும் வேலை நின்றுவிடும். வங்கியில் நாமினி போட்டிருக்கிறோமே என்பது பதிலாகாது. நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டியவர், உரிமையாளர் அல்ல.

வஸிய்யத்துக்கு உரிய இடம் இதுதான். கடன் போக மீதியில் மூன்றில் ஒரு பங்குவரை, வாரிசு அல்லாதவருக்கு எழுதலாம். அந்தப் பேரப்பிள்ளைகளுக்கு 24 லட்சம் எழுதினால் மீதி 48-இல் மனைவிக்கு 6, மகனுக்கு 21, மகள்களுக்குத் தலா 10.5. யாருடைய சம்மதமும் தேவையில்லை. எடுத்து வளர்த்த பிள்ளைக்கும் இதே வழிதான்.

கூடவே இருந்த மகனுக்கு வஸிய்யத் எழுதினால்? சுன்னி சட்டத்தில் வாரிசுக்கு எழுதியது, மற்ற வாரிசுகள் சம்மதித்தால்தான் நிற்கும். அந்தச் சம்மதமும் பெரியவர் மௌத்தான (இறந்த) பிறகு வர வேண்டும். உயிரோடு இருக்கும்போது மகள்களிடம் வாங்கிய கையெழுத்து அவர்களைக் கட்டாது. ஒருவர் மட்டும் சம்மதித்தால் அவர் பங்கு அளவுக்கே செல்லும். பத்திர எழுத்தர் கையில் இருக்கும் உயில் மாதிரியில் ‘எல்லாச் சொத்தும் மூத்த மகனுக்கு’ என்று பெயரை மட்டும் மாற்றிப் பதிவு செய்வதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. பதிவு செய்ததால் செல்லாதது செல்லுபடியாகிவிடாது.

அந்த மகனுக்கென்றால் ஹிபாதான் வழி. அதற்கு மூன்றில் ஒரு பங்கு வரம்பு இல்லை. கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும், அவர் ஏற்க வேண்டும், கைவசம் மாற வேண்டும். மூன்றாவதில்தான் தோட்டத்துக்காரர்கள் சறுக்குகிறார்கள். பத்திரம் மகன் பேரில். ஃபேக்டரியில் இலைக் கணக்கோ இன்னும் அப்பா பேரில், மாதா மாதம் இலைப் பணமும் அவர் கணக்குக்கே. பிறகு சகோதரி வழக்குப் போட்டால் அந்தக் கணக்கே அவருக்குச் சாட்சி. பத்திரத்தோடு பட்டா, வரி ரசீது, இலைக் கணக்கு மூன்றும் மாற வேண்டும். ஆயுள்வரை வருமானம் தனக்கு வேண்டுமென்றால், நிலத்தைக் கொடுத்து அனுபவத்தை மட்டும் வைத்துக்கொள்வதாகத் தெளிவாக எழுத வேண்டும்.

பிரிக்காத கூட்டுத் தோட்டத்தின் பங்கை ஹிபா செய்வது ஹனஃபி மத்ஹபில் (சட்டப் பிரிவில்) குறைபாடுள்ளது. பிறகு பிரித்து ஒப்படைத்தால் சரியாகும். ஷாஃபியில் அந்தத் தடை இல்லை. ஹனஃபியான ராவுத்தர் வீடும் ஷாஃபியான மாப்பிள்ளை (மலையாள முஸ்லிம்) வீடும் அடுத்தடுத்து இருக்கும் ஊரில், பக்கத்து வீட்டுப் பத்திரத்தைப் பார்த்து எழுதக் கூடாது என்பதற்கு இது போதும். மரணப் படுக்கையில் கொடுத்த ஹிபாவுக்கு வஸிய்யத்தின் வரம்புகளே வரும். ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுப்பதை நீதிமன்றம் ஏற்கலாம். ஆனால் பிள்ளைகளிடையே நீதமாக நடங்கள் என்ற நபிமொழி முன்னால் நிற்கும். மகள்களுக்கும் ஏதாவது கொடுத்துவிட்டுச் செய்வதே எங்கள் யோசனை.

செலவைப் பார்த்தால் வஸிய்யத்துக்கு முத்திரைத் தீர்வை இல்லை, பதிவும் கட்டாயமில்லை, எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஹிபா வாய்மொழியாகவும் செல்லும். ஆனால் பட்டா சிக்கலின்றி மாற வேண்டுமென்றால் தான செட்டில்மென்ட்டாகப் பதிவதே நல்லது. குடும்பத்துக்குள் முத்திரைத் தீர்வை 1%, உச்சம் 40,000 ரூபாய்; பதிவுக் கட்டணம் 1%, உச்சம் 10,000 (2023 ஜூலையில் உயர்த்தியது). ஹனஃபி சட்டப்படி, கைவசம் போன பிறகு மகனிடமிருந்து திரும்ப வாங்க முடியாது.

கூடலூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 1969 ஜென்மம் (பழைய ஜமீன் போன்ற நில உரிமை) ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு 17-இல் மாட்டிய, பட்டா இல்லாத நிலத்தைச் சொத்து அட்டவணையில் சொந்தமாகக் காட்டினால் மூன்றில் ஒரு பங்கு கணக்கே குலைந்துபோகும். அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள்.

வஸிய்யத் எழுதும்போது சர்வே எண், பரப்பு, கடன் பட்டியல், மஹர் தொகை, இரண்டு சாட்சிகள் (வாரிசுகளோ பயனடைபவர்களோ வேண்டாம்), நிறைவேற்றும் வஸீயின் பெயர் எல்லாம் இருக்கட்டும். பேரப்பிள்ளைகள் சிறுவர்கள் என்றால் வஸீ முக்கியம்: தாய் ஷரீஅத் சட்டப்படி சொத்துக் காப்பாளர் அல்ல, நீதிமன்ற அனுமதி இல்லாமல் அவர் விற்ற நிலம் நிற்காது. பெரியவரால் மலை இறங்கி வர முடியாவிட்டால், தக்க காரணம் காட்டி சார்பதிவாளரை வீட்டுக்கே வரவழைக்கலாம். எழுதியது வெளியே தெரிய வேண்டாம் என்றால், முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கலாம்.