துகள் அசைவைக் காட்ட எது சரி: மையா, பாலா, மணித் தட்டா, கணினித் திரையா?

துகள்கள் ஓயாமல் அசைகின்றன, சூடேறினால் அசைவு கூடுகிறது. வகுப்பில் இதைக் காட்ட எல்லோரும் முதலில் எடுப்பது மைச் சோதனை. வெந்நீரில் ஒரு சொட்டு, குளிர்நீரில் ஒரு சொட்டு; வெந்நீரில் சட்டென்று கலந்துவிடும். செலவே இல்லை, ஆனால் அது காட்டுவது வேறொன்றை. அசையாத நீரில் சாயம் விரவுதலால் (துகள்களின் அசைவால் தானாகவே பரவுவதால்) மட்டுமே ஒரு சென்டிமீட்டர் நகர அரை நாளுக்கு மேல் பிடிக்கும். டம்ளரில் நொடிகளில் நடப்பது பெரும்பாலும் வெப்பச்சலனம் (சூட்டு வேறுபாட்டால் நீரே சுழன்று ஓடுவது), கூடவே சொட்டு விழுந்த வேகம். நீரை 27 டிகிரியிலிருந்து 77 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினாலும் மூலக்கூறின் சராசரி வேகம் 8 சதவீதம்தான் கூடும். விரவுதல் அதைவிட வெகுவாகக் கூடுவதற்கு, நீரின் பாகுநிலை (ஓட்டத்துக்குக் காட்டும் தடை) பாதிக்கும் கீழே இறங்குவதே முக்கியக் காரணம்.

இதே சோதனையைக் கடல்பாசியில் (அகார்) செய்தால் சலனம் நின்றுவிடும். 100 மில்லி நீரில் 1 கிராம் கடல்பாசியைக் கொதிக்கவைத்துக் கரைத்து, சோதனைக் குழாய்களில் ஊற்றி உறையவிடுங்கள். மேலே 1 மில்லி உணவுச் சாயக் கரைசல். ஒரு குழாய் ஃபிரிட்ஜில், ஒன்று மேசையில். மறுநாள் ஸ்கேல் வைத்து அளந்தால், மேசைக் குழாயில் சாயம் சுமார் 1.4 மடங்கு ஆழம் இறங்கியிருக்க வேண்டும். பொட்டாசியம் பெர்மாங்கனேட் வேண்டாம். கடல்பாசியோடு வினைபுரிந்து பழுப்பாகிவிடும்.

நுண்ணோக்கி இருந்தால் பால்தான் முதல் தேர்வு. ஹோமோஜினைஸ் செய்த பாக்கெட் பால் ஒரு சொட்டை 50 மில்லி நீரில் கலந்து, அதில் ஒரு துளியை 400 மடங்கு உருப்பெருக்கத்தில் பாருங்கள். ஒரு மைக்ரான் கொழுப்புத் துளி நொடிக்கு ஏறத்தாழ தன் குறுக்களவு தூரம் தடுமாறி நகரும். 1827இல் ராபர்ட் பிரௌன் மகரந்தத் துணுக்குகளில் கண்ட அசைவு இதுவே. எல்லாத் துளியும் ஒரே திசையில் ஓடினால் அது பிரௌனியன் இயக்கம் அல்ல, ஓரத்தில் நீர் ஆவியாவதால் வரும் ஓட்டம். மூடுகண்ணாடியின் விளிம்பை வாஸ்லின் பூசி அடையுங்கள். கறந்த பாலில் துளிகள் பெரியவை, அசைவு மங்கும். அந்தத் துளியையே மூலக்கூறு என்று நினைக்கும் மாணவர் நிச்சயம் இருப்பார். நீர் மூலக்கூறு அதைவிட ஏறக்குறைய மூவாயிரம் மடங்கு சிறியது, கண்ணில் படாமல் முட்டித் தள்ளுவது அதுதான் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

தட்டில் மணிகளைக் குலுக்குவது திண்மம், திரவம், வாயு மூன்றுக்கும் வசதி. கையை எடுத்ததும் மணிகள் நின்றுவிடும், கேடு அங்கேதான்: துகள்கள் மோதி மோதி ஓய்ந்துபோகும் என்று பதிந்துவிடுகிறது. துகள்கள் ஒன்றையொன்று ஈர்க்கும் விசையையும் காட்ட வழியில்லை.

அந்த ஈர்ப்பைக் காட்டுவதில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் இலவச ஃபெட் (PhET) கணினிப் பாவனை தேறுகிறது. நியான், ஆர்கான், நீர் என்று மாற்றி, அடுப்பை ஏற்றி இறக்கிப் பார்க்கலாம். ஆனால் திரையில் ஓடுவது யாரோ எழுதிய நிரல். துகள் இருப்பதற்கு அது சான்றாகாது. அதனால் பாலுக்குப் பிறகு இதைத் திறவுங்கள். சூடேற்றும் முன் என்ன ஆகும் என்று மாணவர்களை எழுதச் சொல்லிவிட்டு நகர்த்துங்கள்.